டிசம்பரில் பிறந்த கோரி பெத்

எங்கள் ஜிம்மின் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் கோரி பெத் ஸ்டால்கப் இருக்கிறாள். ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில், எல்லாருக்கும் மேலே, ஒரு காலைத் தூக்கிக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுவது நான். என் இன்னொரு கால் கீழே இருக்கும் இரண்டு பேரின் உள்ளங்கையில் நிற்கும். அந்தக் கணுக்காலைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் பிடித்திருக்கும். அந்தக் கைகள்தான் கோரி பெத். சில படங்களில் நெற்றியும் கொஞ்சம் தெரியும்.

நாங்கள் ஆடுவது சியர். கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று பையன்களுக்காகக் கத்துவார்களே, அது இல்லை. நாங்கள் கத்துவதற்குப் பையன்களே கிடையாது. மேட் என்று நாங்கள் சொல்லும் நீலப் பஞ்சு விரிப்பின் மேல் இரண்டரை நிமிஷம் குட்டிக்கரணம் போட்டு, ஆளை ஆள் தூக்கி எறிந்து பிடித்து, நடுவர்களிடம் மார்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். கிழக்கு டெக்சாஸில் ஹார்லன் ஸ்பிரிங்ஸ் என்ற எங்கள் ஊரில் இதற்கென்று ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. முன்பக்கம் டயர் கடை. மழை பெய்தால் உள்ளே பாட்டு கேட்காது. கோரி பெத் எண்ணுவது மட்டும் கேட்கும்.

எண்ணுவது அவள் வேலை. பின்னால் நிற்பவள் எண்ணினால்தான் கீழே இருப்பவர்கள் முட்டியை மடக்குவார்கள், மேலே போகிறவள் மேலே போவாள். மேலே போனவள் விழுந்தால் அவளுடைய தலையும் தோளும் பின்னால் நிற்பவள் கையில்தான் வந்து விழ வேண்டும். நான் நிறைய விழுந்திருக்கிறேன். தரையில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

அவள் எங்கள் ஜிம்முக்கு வந்தபோது பதின்மூன்று வயது. எங்கள் உலகத்தில் அது கிழவி வயது. மற்ற பிள்ளைகள் டயப்பரை விட்ட கையோடு வந்துவிடுவார்கள். அதோடு அவள் நெட்டை. மிஸ் டானெட் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ பின்னாடி நின்னுக்கோ கண்ணு" என்றாராம். மிஸ் டானெட்தான் ஜிம்முக்கு முதலாளி, கோச், கழிப்பறை அடைத்துக்கொண்டால் பிளம்பரும். அவர் சொன்னபடி கோரி பெத் ஐந்து வருஷம் பின்னாடியே நின்றாள். அதில் கடைசி மூன்று வருஷம் அவள் பிடித்தது என் கணுக்கால்.

அவளுடைய அம்மா பெரிய லாரி ஓட்டுகிறவர். புதுப் புருஷனும் அவரும் மாற்றி மாற்றி ஓட்டி நாடு முழுக்கச் சுற்றுவார்கள். நெப்ராஸ்காவிலிருந்து போன் வரும், அடுத்து ஒரேகானிலிருந்து வரும். ஹார்லன் ஸ்பிரிங்ஸ் வழியாக எப்போதாவது சரக்கு கிடைத்தால் ஒரு ராத்திரி வந்து துணி துவைத்துக்கொண்டு போவார்கள். பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும், சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் கோரி பெத் தனியாக இருந்தாள். விடிவதற்கு முன் டோனட் கடையில் வேலை, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் ஜிம். ஜிம் கட்டணத்துக்குப் பதிலாக வாரத்தில் சில நாள் மேட்டைச் சுத்தம் செய்து கொடுப்பாள். அவள் தலைமுடியில் எப்போதும் சர்க்கரை வாசனை அடிக்கும். எனக்குப் பசிக்கும்போது அது பெரிய இம்சை.

அவள் பிறந்தது டிசம்பர் இருபத்தெட்டு. கிறிஸ்துமஸும் முடிந்து, புது வருஷமும் வராமல், ஊரே தின்றுவிட்டுப் படுத்திருக்கும் நாள். ஜிம் மூடியிருக்கும். பள்ளிக்கூடம் மூடியிருக்கும். டோனட் கடையும் மூடியிருக்கும். அவளுக்கு யாரும் கேக் வெட்டி நான் பார்த்ததில்லை. அவளுடைய அம்மாவுக்கு மட்டும் அந்தத் தேதியில் ரொம்பப் பெருமை. வருஷம் முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் அந்த முழு வருஷத்துக்கும் வரிச் சலுகை உண்டு. "கரெக்டா டயத்துக்கு வந்துட்டா என் பொண்ணு" என்று போனில் எல்லாரிடமும் சொல்வாராம். கோரி பெத்தும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அவளைப் பற்றி அவளுடைய அம்மா சொல்லும் கதைகளில் நல்ல கதை அதுதான்.

நான் அவளைப் படுத்தியது கொஞ்சமில்லை. வெள்ளை ஷூவின் குதிகாலில் அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பேனாவால் எழுதிவைப்பேன். 'கீழே போட்டா பேயா வருவேன்.' 'உன் சித்தப்பா மாதிரி ஒரு கழுதைய இன்னிக்குப் பாத்தேன்.' தூக்குகிற நேரத்தில் அதைப் படித்துவிட்டு, எண்ணும் குரல் ஆட ஆட, மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுவாள். அப்போதும் கை ஆடாது. மிஸ் டானெட் கண்டுபிடித்து, பழைய பல் பிரஷ்ஷால் ஷூவைத் தேய்க்க வைத்தார். கோரி பெத் ஒரு தடவைகூடப் பழி வாங்கவில்லை. எனக்கு அதில் ரொம்ப ஏமாற்றம்.

போட்டி என்றால் அம்மாக்கள் ஜிகினா வைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். முதுகில் அவரவர் பிள்ளையின் பெயர் மின்னும். அந்தக் கூட்டத்தில் ஸ்டால்கப் என்ற பெயர் மின்னி நான் பார்த்ததில்லை. என் அம்மா ரெனே நல்ல தொண்டைக்காரி. என் பெயரைக் கத்தி முடித்துவிட்டு அவள் பெயரையும் கத்துவாள். பாவம், இரண்டாவதாகக் கத்துவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிடும்.

எங்கள் ஆட்டத்தில் வயதுக்கு ஒரு வேலி உண்டு. பெரிய பிள்ளைகளின் டீமில் பதினெட்டு தாண்டினால் ஆட முடியாது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் சரி, வெளியேதான். அதனால் ஒவ்வொரு வருஷமும் கடைசிப் போட்டியில் ஒரு சடங்கு நடக்கும். வயது முடிகிற பெண்கள் ஆட்டம் முடிந்ததும் தலையிலிருக்கும் பெரிய ரிப்பனை அவிழ்த்து, மேட்டின் நடுவில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்க வேண்டும். டீம் முழுக்க அழும். அம்மாக்கள் மயக்கம் போடுகிற அளவுக்கு அழுவார்கள். பக்கத்து ஊர் டீம்கூட அழும், அது என்னவோ தொற்றுவியாதி மாதிரி.

அந்த வருஷம் டல்லாஸில் கடைசிப் போட்டி. எங்கள் டீமில் ஜேசி, ஷே என்று இரண்டு பேருக்கு வயது முடிந்தது. இருவரும் ரிப்பனை வைத்தார்கள். அவர்கள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் ஷேயின் போனை வைத்துக்கொண்டு, கோரி பெத் எல்லாவற்றையும் படம் எடுத்தாள். அழுகிற இரண்டு அம்மாக்களையும் நன்றாகக் கிட்டே போய் எடுத்தாள். அடுத்த வருஷம் உனக்கு யாருடி எடுப்பா என்று ஜேசி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். கோரி பெத் என்னைக் கைகாட்டினாள்.

"அவதான் எடுப்பா. தலைகீழா எடுப்பா, அத நாந்தான் நிமித்திப் பாத்துக்கணும்."

மே மாதம் அடுத்த வருஷத்து ஆட்டங்களுக்குப் பெயர் பதிந்தார்கள். மிஸ் டானெட் முன்மேசையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் என்பது லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு டீச்சர். அவரை மியூட்டில் போட முடியும். கோரி பெத் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் பெயரைப் போட்டதும் திரை சிவந்தது. மிஸ் டானெட் மறுபடியும் போட்டார். மறுபடியும் சிவந்தது. அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

அவர் எண்ணுவது இருபது வருஷத்துப் பழக்கம். முன்பெல்லாம் கோடை முடிகிற தேதியில் உனக்கு என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். டிசம்பரில் பிறந்தவளுக்கு அந்தத் தேதியில் வயது ஒன்று குறைவாக இருக்கும், கூட ஒரு வருஷம் ஆடலாம். பிறகு விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது பிறந்த வருஷம் மட்டும்தான் கணக்கு. ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பர் கடைசியில் பிறந்தவளும் ஒரே வயது. விதி மாறியது மிஸ் டானெட்டுக்குத் தெரியாமல் இல்லை. சுவரில் அவரே ஒட்டிவைத்திருந்தார். ஆனால் விரல்கள் பழைய கணக்கிலேயே மடங்கிக்கொண்டிருந்தன. எங்கள் டீமில் மற்றவர்கள் எல்லாரும் வருஷத்தின் முன்பாதியில் பிறந்தவர்கள், அதனால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வந்தது. ஒரே ஒருத்திக்குத்தான் தப்பியது. புதுக் கணக்கில் அவளுக்குப் பத்தொன்பது.

"ஆகஸ்ட் கடைசில உனக்குப் பதினெட்டுதானே வரும்" என்றார் மிஸ் டானெட், திரையைப் பார்த்துக்கொண்டே.

கோரி பெத் பாட்டிலின் மூடியைத் திருகினாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

"நான் டிசம்பர், மிஸ் டானெட்."

டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மிஸ் டானெட்டின் முகம் திரையைவிடச் சிவப்பாகிவிட்டது. என் தப்பு, முழுக்க என் தப்பு என்று ஆரம்பித்தார். கோரி பெத் அவரை முடிக்க விடவில்லை. இன்றைக்கு மேட் சுத்தம் செய்வது தன்னுடைய முறைதானே என்று கேட்டாள். ஆமாம் என்றதும் போய்விட்டாள். நான்கு நாள் பொறுத்துப் பிறந்திருந்தால் அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கும். அவளுடைய அம்மாவின் வரிச் சலுகை போயிருக்கும், அவ்வளவுதான்.

மிஸ் டானெட் கெட்டவர் இல்லை. ராத்திரி தூக்கம் வராத முகத்தோடு இரண்டு வாரம் நடமாடினார். பிறகு ஒரு சாயங்காலம் ஜிம்மிலேயே கோரி பெத்துக்கு அந்தச் சடங்கை நடத்தினார். கேக் வாங்கினார். நாங்கள் எல்லாரும் அரைக்கால் சட்டையும் வியர்வையுமாக வட்டமாக நின்றோம். கோரி பெத் போன வருஷத்து ரிப்பனைத் தலையில் கட்டிக்கொண்டு நடுவில் போனாள். அவிழ்த்தாள், வைத்தாள், இறங்கினாள். ஒன்றிரண்டு பேர் அழுதோம் என்று பெயர் பண்ணினோம். பாட்டு போட மறந்துவிட்டதால் குளிர்சாதனப் பெட்டி உறுமுவது நன்றாகக் கேட்டது. கேக்கைத் தின்றுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

அன்றைக்கும் மேட் அவளுடைய முறை.

நான் போகவில்லை. பஞ்சுக் கட்டைகள் அடுக்கியிருக்கும் மூலையில் ஒளிந்துகொண்டிருந்தேன். அவள் தூசி உறிஞ்சும் வேக்குவத்தைத் தள்ளிக்கொண்டு கிட்டே வரும்போது காலைப் பிடித்து இழுத்துப் பயமுறுத்துவதாகத் திட்டம். அவள் ஓரத்திலிருந்து கோடு கோடாகச் சுத்தம் செய்துகொண்டே வந்தாள். நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். ரிப்பன் வழியில் கிடந்தது. அவளே வைத்தது. வேக்குவத்தை அணைத்தாள். குனிந்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். கடைசியில் வேக்குவத்தின் கைப்பிடியில் அதை மாட்டிவிட்டு, மறுபடியும் போட்டு, மிச்சக் கோடுகளையும் முடித்தாள்.

என் திட்டம் கெட்டுவிட்டது. நான் எழுந்து சாதாரணமாக நடந்துபோய் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் திடுக்கிடவில்லை. நான் ஒளிந்திருந்தது முதலிலிருந்தே தெரியும்போல. கேக் நல்லாவே இல்லை என்றேன். ஆமாம், அட்டையைக் கடித்த மாதிரி இருந்தது என்றாள். கோபமா என்று கேட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோபம்லாம் இல்லடி. டல்லாஸ்லயே முடிஞ்சுபோச்சு, எனக்குத்தான் தெரியல. அன்னிக்கு மேட்ல நின்னப்ப என்ன நெனச்சுட்டு இருந்தேன் தெரியுமா? ஷூ கடிக்குது. பசிக்குது. முடிஞ்சதும் ஒரு கார்ன் டாக் சாப்பிடணும். கடைசித் தடவ நின்னப்ப கார்ன் டாக்க நெனச்சுட்டு நின்னுருக்கேன்."

"அது தப்பில்லயே. எனக்கும் அதான் தோணும்."

"உனக்கு எப்பவும் அதான் தோணும்." வேக்குவத்தின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். "ஒரே ஒரு தடவ, இதான் கடைசின்னு தெரிஞ்சு நிக்கணும். நிஜப் போட்டில. மார்க் போடுற எடத்துல. அவ்ளோதான் வேணும் எனக்கு."

அவ்வளவுதான் வேண்டும் என்றால் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பள்ளிப் பாடம் ஒன்றைக்கூட முழுசாகப் படிக்காத நான், சுவரில் ஒட்டியிருந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன். மேல்வரம்பே இல்லாத ஒரு பிரிவு கீழே இருந்தது. ஓப்பன் என்று பெயர். எண்பது வயதிலும் ஆடலாம். ஐந்து பேராவது வேண்டும். பெரிய நகரங்களில் வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரிப் பெண்களும் சேர்ந்து அந்தப் பிரிவில் ஆடுவார்கள். எங்கள் ஊரில் வயது முடிந்த பெண்கள் எல்லாரும் ஊரைவிட்டே போய்விடுவார்கள். மிஸ் டானெட்டிடம் காட்டினேன். போட்டியில் மார்க் இல்லாமல் சும்மா ஆடிக்காட்ட ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் ஏற்கெனவே கேட்டுப்பார்த்து, கோரி பெத் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மார்க் குறைக்காத இடத்தில் பிடித்தால் என்ன, விட்டால் என்ன என்றாளாம். மிஸ் டானெட் விதியை இரண்டு முறை படித்தார். இந்தத் தடவை விரல் விடவில்லை. நான் கீழே நிற்கிறேன், மிச்ச ஆளை நீ கொண்டு வா என்றார்.

ஆள் கொண்டுவருவது எனக்குக் கைவந்த கலை. ட்வைலா என்று ஒரு அம்மா, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, தோள் ஒவ்வொன்றும் கதவு மாதிரி இருக்கும். அவரிடம் போய், இந்த வயசுல ட்வைலாவால ஒரு பூனையக்கூடத் தூக்க முடியாதுன்னு எங்கம்மா சொன்னாங்க என்றேன். என் அம்மாவிடம் வந்து, ரெனேவுக்கு மூச்சு வாங்கும், அவ சோபாவுக்குத்தான் லாயக்குன்னு ட்வைலா சொன்னாங்க என்றேன். மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஜிம்முக்கு வந்தார்கள். ட்வைலா தன் நாத்தனாரையும் இழுத்து வந்தார். சண்டைக்குத் துணையாக வந்த அம்மாள், கடைசியில் முன்வரிசையில் கைதட்டி ஆட ஒப்புக்கொண்டார். உண்மை தெரிந்தபோது என் அம்மா என் போனை ஒரு வாரம் பிடுங்கிவைத்தாள். ஆனால் விலகவில்லை. ட்வைலாவுக்கு முன்னால் விலக முடியாது.

இரண்டு அம்மாக்கள், நாத்தனார், மிஸ் டானெட், கோரி பெத். ஐந்து. மேலே போக நான். கோரி பெத் மறுபடியும் என் கணுக்காலைப் பிடிப்பாள். இதுதான் என் கணக்கு.

பெயர் ஏற்றும்போது திரை மறுபடியும் சிவந்தது. இந்த முறை என் பெயருக்கு. ஓப்பனுக்கு மேல்வரம்பு கிடையாது, கீழ்வரம்பு உண்டு. அந்த வரியை நான் படிக்கவில்லை. எனக்கு ஒரு வருஷம் குறைந்தது. அவள் எங்கள் டீமுக்குப் பெரியவள், நான் அவள் டீமுக்குச் சின்னவள்.

அப்படியானால் மேலே யார் என்று மிஸ் டானெட் கேட்டார். எல்லாரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா ஐந்தடிகூட இல்லை.

"என்ன எதுக்குடி எல்லாரும் பாக்குறீங்க" என்றாள் அம்மா.

கோடை முழுக்க, இலையுதிர் காலம் முழுக்க அவர்கள் பழகினார்கள். ஆறு வாரம் அம்மா இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை. ஏறும்போதெல்லாம் ஏசுவைக் கூப்பிட்டாள். எங்கள் டீம் பயிற்சி முடிந்து, நான் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேன். அங்கே உட்கார்ந்துதான் கோரி பெத்தின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். சாப்பிடும்போதும் சிரிக்கும்போதும் இருக்கும் முகத்தைச் சொல்லவில்லை. பின்னால் நிற்கும்போது இருக்கும் முகம். மேலே இருப்பவளின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு எண்ணிக்கொண்டே இருக்கும். இமை தட்டாது. மேலே இருக்கிறவள் சாய்வதற்கு முன்பே, சாயப்போகிற பக்கம் அவள் கால் ஒரு அங்குலம் நகர்ந்திருக்கும். மூன்று வருஷம் என்னை ஒருத்தி இப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அந்த நேரமெல்லாம் எதிரே இருக்கும் கண்ணாடியில் என் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் இப்போது வேறொருத்தி நின்றாள். நல்ல பெண். ஆனால் பாட்டுக்கு முன்னால் ஓடுகிற மாதிரி எண்ணுவாள்.

பிப்ரவரியில், லூசியானா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மாநாட்டு மண்டபத்தில் போட்டி. காலையில் முதல் வேளை, குட்டிப் பிள்ளைகள் ஆடி முடித்ததும் ஓப்பன். ஓப்பனில் எத்தனை டீம் என்று நான் போய்ப் பார்த்தேன். ஒன்றுதான். அதாவது நாங்கள். அது எங்கள் ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும். பிரிவுகள் நிறைய, ஆட்கள் குறைவு. எதிரே யாரும் இல்லாமல் ஆடி, முதல் பரிசோடு வீட்டுக்குப் போகலாம். அம்மாவிடம் சொன்னேன், தோற்பதற்கு வழியே இல்லை என்று. அதைக் கேட்டும் அவள் ஷூ நாடாவை மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள்.

மேட்டுக்குப் பின்னால் திரைமறைவில் நின்றுகொண்டிருந்தபோது ட்வைலாவும் நாத்தனாரும் அடுத்த வருஷத்துக்கு என்ன கலரில் ஜாக்கெட் தைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது பிடித்துப்போய்விட்டது. மிஸ் டானெட் முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கோரி பெத் மட்டும் திரையின் இடைவெளி வழியாக மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். வழக்கமாக அவள் பொய் சொல்லமாட்டாள்.

மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. குட்டிப் பிள்ளைகளின் அம்மாக்கள் ரிப்பன்களைக் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முன்வரிசையில் போய் நின்று கோரி பெத் பெயரைக் கத்தினேன். முதலில் அவள் பெயர், அப்புறம்தான் அம்மா பெயர்.

நன்றாகத்தான் ஆடினார்கள். நாத்தனார் ஒரு இடத்தில் எல்லாருக்கும் எதிர்ப்பக்கம் திரும்பினார், ஆனால் சிரித்துக்கொண்டே திரும்பினார். கடைசியில் அம்மா மேலே போனாள். மிஸ் டானெட்டின் முட்டி மடங்கி நிமிர்ந்தது. அம்மா தோளுக்கு மேல் போய் நின்றாள். கையை விரித்தாள். என் வாழ்க்கையில் அவளை அவ்வளவு உயரத்தில் நான் பார்த்ததில்லை. அப்போது அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்ட நினைத்திருக்கிறாள், பைத்தியக்காரி. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தாள்.

கோரி பெத் ஏற்கெனவே அங்கே இருந்தாள். அம்மாவின் தலையும் தோளும் அவள் மார்பில் வந்து விழுந்தன. இருவரும் ஒரு அடி பின்னால் போய், நின்றுவிட்டார்கள். அம்மாவின் கால்கூடத் தரையில் இடிக்கவில்லை. கோரி பெத் அவளை இறக்கி நிறுத்தி, முதுகில் ஒரு தட்டு தட்டி, தன் இடத்துக்கு ஓடினாள். பாட்டு முடிந்தது. எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மற்ற நான்கு பேரும் உடனே கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கோரி பெத் மட்டும் கையை இறக்காமல் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். மிஸ் டானெட் வந்து தோளைத் தொட்டதும்தான் இறக்கினாள்.

முதல் பரிசு, ஒரு டீமில். விழுந்ததற்கு மார்க் கழித்திருந்தார்கள். மார்க் தாளைக் கோரி பெத் என்னிடம் காட்டினாள். அவள் விரல் மொத்த மார்க்கில் இல்லை, கழித்த இடத்தில் இருந்தது.

"கழிச்சிருக்காங்க பாரு" என்றாள். எவ்வளவோ நாளைக்கப்புறம் பல் தெரியச் சிரித்தாள்.

திரும்பும்போது எங்கள் காரில் அம்மா, கோரி பெத், நான். மதியம். பைன் மரங்களுக்கு நடுவே நேர் ரோடு. அம்மா வாயை மூடவில்லை. சாய்ந்த கதையை நான்கு விதமாகச் சொன்னாள், ஒவ்வொன்றிலும் குற்றம் வேறொருவருடையது. அடுத்த வருஷம் இவளுக்கு வயசு வந்துவிடும், மேலே இவள் போகட்டும், நான் கீழே நிற்கிறேன், கோரி பெத் பின்னால், எவனும் நம்மை அசைக்க முடியாது என்றாள். பின்சீட்டில் எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வரல மிஸ் ரெனே" என்றாள் கோரி பெத். "இன்னிக்குக் கடைசி."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடியும் திரும்பினாள். "யாரு சொன்னா? ஓப்பன்லருந்து உன்ன யாரும் வெளிய அனுப்ப முடியாதுடி. நூறு வயசு வரைக்கும் ஆடலாம்."

"ஆமா. யாரும் அனுப்பமாட்டாங்க. அதனால நானேதான் போகணும்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன? பூ வாங்கியிருப்பேன். நாலு பேரக் கூட்டிட்டு வந்திருப்பேன். டானெட்டுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. சொன்னா எல்லாரும் அழுவீங்க, அப்புறம் எனக்குக் கண்ணு கலங்கும். நீங்க மேல இருக்கும்போது நான் எந்தக் கையால கண்ணத் தொடைக்கிறது?"

அம்மா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பதினோரு மாதம் பொறுத்தால் போதுமே, எனக்கு வயது வந்துவிடுமே, அதற்குள் என்ன அவசரம் என்று தொண்டை வரை வந்தது. நான் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று மே மாதமே சொல்லிவிட்டாள். ஒரே ஒரு தடவை என்றுதான் சொன்னாள்.

அதனால் வேறொன்றைக் கேட்டேன். தெரிந்துகொண்டு நின்றால் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"தனியா இருந்துச்சு. அஞ்சு பேர்ல எனக்கு மட்டுந்தானே தெரியும்." கொஞ்சம் கழித்து, "ஆனா ஒண்ணு விடாம எல்லாம் ஞாபகம் இருக்கு. ட்வைலாவோட மூச்சு. உங்கம்மா ஏசுவ ரெண்டு தடவ கூப்ட்டாங்க. லைட்டு சூடு. எல்லாம்."

சர்ச்சுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினோம். லாரி நிற்கும் இடத்தில் புல் வளர்ந்திருந்தது. உள்ளே வந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, நேற்றைய டோனட் இருக்கிறது என்று கேட்டாள். அம்மா வேண்டாம் என்றாள், அப்புறம் வேண்டும் என்றாள். கோரி பெத் சிரித்துக்கொண்டு, நாளைக்குக் கடைக்கு வாருங்கள், புதுசாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். படியேறி, பையைத் துழாவிச் சாவி எடுத்து, உள்ளே போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. அப்புறம் ஜன்னலில் டிவி வெளிச்சம் நீலமாக அடித்தது.

அம்மா வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கணுக்கால் இரண்டிலும் விரல் பதிந்த சிவப்பு இன்னும் இருந்தது. போகலாமா என்று நான் கேட்டேன். கொஞ்ச நேரம் இருடி என்றாள்.

இருந்தோம்.